வேர் உள்ளே, கிளை வெளியே

குனிந்து ஒரு காயைப் பொறுக்குகிறார். வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். பிறகு முள்வேலிக்கு மேலாக உள்ளே வீசுகிறார். அது அந்தப் பக்கம் புல்லில் விழும் சத்தம் கேட்கும்வரை அடுத்த காய்க்குக் குனிவதில்லை. ஏதாவது ஒன்று முள்ளில் மாட்டிக்கொண்டு தொங்கினால் மூங்கில் கழியால் தட்டி உள்ளே தள்ளுவார். “வெளிய விழுந்துட்டா நீ நம்ம காய் ஆயிடுவியா? எங்கேருந்து வந்தியோ அங்கேயே போ” என்று காயைத் திட்டுவார்.

கான் தோம் அத்தைக்குக் காலைப்பொழுது இப்படித்தான் போகிறது. பழைய ராணுவக் கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறுகக் கட்டிய துண்டு. வேலியோரமாக மாடு ஓட்டிப் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

“என்ன அத்தை, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன். உன்னையும் தூக்கிப் போடவா? கிட்ட வா.”

லாவோஸ் எல்லையை ஒட்டிய எங்கள் பள்ளத்தாக்கில் போரின்போது அமெரிக்கர்கள் ஒரு விமானத்தளம் வைத்திருந்தார்கள். காட்டின் இலையை உதிர்க்கும் மருந்தைப் பீப்பாய் பீப்பாயாக இறக்கியதும், விமானத்தில் ஏற்றியதும், சிந்தியதும் இங்கேதான். அவர்கள் போய்விட்டார்கள். சிந்தியது போகவில்லை. பல வருஷங்கள் கழித்து, அந்த மண்ணில் மாடும் பிள்ளைகளும் இறங்காமல் இருக்கச் சுற்றி வேலி போட வேண்டும் என்று சமவெளியிலிருந்து ஒருவர் வந்தார். கம்பிவேலி போட்டால் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிடுவோம் என்று எங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். அதனால் முள் மரம் நடச் சொன்னார். போக்கெத் மரம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக முள். காய்த்தால் கறுப்பாக, நீளமாக, சீயக்காயின் பெரியக்கா மாதிரி ஒரு காய். நுரைக்கும். எங்கள் பெண்கள் தலைக்குத் தேய்ப்பது அதைத்தான். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் புகை போடுவதும் அதைத்தான்.

“மாடு உள்ளே போகாது. மரம் காய்த்தால் காயை விற்றுக்கொள்ளலாம்” என்றார் அவர். ஊரே சேர்ந்து நட்டது. தண்ணீர் ஊற்றும் வேலை வந்தபோது பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கடைசியில் அத்தை மட்டும் மிஞ்சினார். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இடையில் ராணுவத்தினர் இயந்திரங்களோடு வந்து மேல்மண்ணை வாரினார்கள், குவித்தார்கள், மூடினார்கள். வேலை முடிந்தது என்று சொல்லிப் போனார்கள். அத்தை அன்றும் வேலிக்குப் போனார்.

“முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. எதும்மா முடிஞ்சுது? மண்ணை அள்ளினது முடிஞ்சுதா, இல்ல ‘அது’ முடிஞ்சுதா?”

‘அது’. மருந்து என்று சொல்ல மாட்டார், விஷம் என்றும் சொல்ல மாட்டார். ‘அது’தான்.

*

அத்தைக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. எங்கள் பாகோ மக்களிடையே முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவளின் பெயர் மறைந்துவிடும். கான் என்றால் அம்மா. தோமின் அம்மா, கான் தோம். தோம் இப்போது தெற்கே எங்கோ லாரி ஓட்டுகிறான். மரம் மாதிரி உடம்பு. புதுவருஷத்துக்கு வந்தால் ஒரு குடம் கள்ளைத் தனியாகக் காலி செய்துவிட்டுப் பாட்டுப் பாடுவான். அவனுக்கு அடுத்துப் பிறந்தவள் அனோங். முப்பதைத் தாண்டிவிட்டாள். பேச்சு வரவில்லை. வலது கை மார்போடு மடிந்தே இருக்கும். அத்தை எங்கே போனாலும் அவருடைய கோட்டின் ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். அத்தை திடீரென்று நின்றால் முதுகில் முட்டிக்கொண்டு சிரிப்பாள். இவரும் சில சமயம் வேண்டுமென்றே நிற்பார்.

“ஒரே வயிறு. ஒரே மரவள்ளிக்கிழங்கு. ஒரே ஆத்துத் தண்ணி. அவன் எருமை மாதிரி இருக்கான், இவ இப்படி இருக்கா. ஏ காலேஜு, உன் புஸ்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?”

‘காலேஜு’ நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஹுவே நகரத்துக்குப் போய் மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, இப்போது இங்கேயே பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன். மண்ணைப் படித்தவள் என்றதும் ஊர் என்னிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு பதில். அது மட்டும் என்னிடம் இல்லை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது, ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பேன். தெரியாது என்பதை நீட்டிச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேனோ என்று எனக்கே சில நாள் தோன்றும்.

அத்தையின் கணவர் போரில் வடக்குப் படைக்கு அரிசி சுமந்தவர். ஈரல் கெட்டுச் செத்தார். சாவதற்கு முன் அரசாங்கச் சலுகைக்காக விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். அந்த உரையாடலை அத்தை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார்.

“‘மருந்து தெளிச்சப்போ எங்க இருந்தீங்க?’ ‘மரத்தடியில இருந்தேன்.’ ‘எந்த மரம்?’ ‘இப்ப இல்லையே அந்த மரம்!’ ‘சாட்சி யாரு?’ ‘மரம்தான்.’ அந்தாளு பேனாவை மூடிட்டான். கடைசியில சலுகை குடுத்தாங்க. ஆனா வைத்தியரு, குடியாலதான் ஈரல் போச்சுன்னாரு. குடிச்சாருதான். நானும்தான் குடிச்சேன். என் ஈரல் எங்கயும் போகலையே?”

*

அவரிடம் சில சட்டங்கள் உண்டு. எல்லாம் அவரே போட்டவை. பூட்ஸ் வீட்டுக்குள் வராது. வாசலுக்கு வெளியே நட்ட மூங்கிலில் தலைகீழாகத் தொங்கும். கால்களை ஓடையில் கழுவுவார். கழுவிவிட்டு ஓடை போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓடை நெல்வயலுக்குப் போகிறது. அதனால் ஒரு வருஷம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். குடத்துத் தண்ணீர் முற்றத்தில் ஊறியது. திரும்பவும் ஓடைக்கே போய்விட்டார்.

‘அது’ கொழுப்பில்தான் தங்கும் என்று எவரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பன்றிக்கறியில் வெள்ளையை எல்லாம் அரிந்து எடுத்துவிடுவார். அரிந்ததை நாய்க்குப் போட்டார். பிறகு நாயைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. “அதுவும் வாயில்லா ஜீவன்தானே” என்று இப்போது கொழுப்பைக் குழி தோண்டிப் புதைக்கிறார். நாய் தோண்டித் தின்கிறது. நாய்க்கு வயதாகிவிட்டது, மிக ஆரோக்கியமாக இருக்கிறது. இது அத்தையை இன்னும் குழப்புகிறது.

கொய்யாப்பழம் வீட்டுக்குள் நுழையக் கூடாது. மருந்து இறங்கிய காலையில் அழுகின கொய்யா வாடை அடித்தது என்பார். அப்போது அவர் சின்னப் பெண். அவருடைய அண்ணன் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். மண்ணெண்ணெய் வாடைதான் அடித்தது என்பார். ஒவ்வொரு அறுவடைத் திருவிழாவிலும் கள் இரண்டாம் சுற்று வரும்போது இந்தச் சண்டை வரும்.

“மண்ணெண்ணெயா? மூக்கு செத்த மனுஷா!”

“உனக்கு அப்போ மூக்கே முளைக்கலடி. அம்மா முதுகுல தூங்கிட்டு இருந்தே.”

“தூங்கினா வாடை வராதா?”

சண்டை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு தடவை என்னிடம் மெதுவாகச் சொன்னார். “நம்ம ஊரு காலைப் பனி உனக்குத் தெரியும்ல? கையை நீட்டினா கை தெரியாது. எனக்கு ஞாபகம் இருக்கிறது பனியா, ‘அது’வா? ரெண்டும் வெள்ளை. ரெண்டும் மேலேருந்துதான் வந்துச்சு. வாழை இலை கறுத்துத் தொங்கினது மட்டும் நிச்சயம். அதையும் நான் பாத்தேனா, அம்மா சொன்னாளான்னு…” வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அனோங்கின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

*

இவ்வளவும் பழகிவிட்ட குழப்பங்கள். அத்தையைத் தின்றுகொண்டிருந்தது வேறு ஒன்று.

வேலி மரங்கள் முதன்முதலாகக் காய்த்த வருஷம் ஊரில் ஒரே கொண்டாட்டம். சந்தையில் வாங்கிக்கொண்டிருந்த காய் நம் மரத்திலேயே தொங்குகிறது. நட்டு வளர்த்த பெருமையில் அத்தை தானே கழி எடுத்து உதிர்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மாதம்தான் என் அக்கா நியெனுக்குக் கல்யாணம். அவள் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். மணப்பெண்ணுக்குத் தலை அலசும் வேலையை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காயைச் சுட்டு, எலுமிச்சம்புல்லோடு கொதிக்கவைத்து, அக்காவை மூங்கில் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து அலசினார். மிச்சத் தண்ணீரில் தெருப் பெண்கள் எல்லாரும் தலையை நனைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

பிறகு ஒருநாள் உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு மண் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். உள்ளேயிருந்து எதையும் எடுக்காதீர்கள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். அத்தை எழுந்து கேட்டார்.

“ஐயா, வேர் உள்ள இருக்கு. கிளை வெளிய நீட்டிட்டு இருக்கு. காய் கிளையில தொங்குது. அது உள்ளயா, வெளியயா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், எடுக்காமல் இருப்பது நல்லது என்றார். மற்றவர், காய்வரைக்கும் அவ்வளவாக ஏறாது என்றார். இருவரும் ஒரே வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்போது அக்கா கர்ப்பமாக இருந்தாள். ஏழாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது. அதை எங்கள் அம்மா மட்டும் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. அதன்பிறகு பல வருஷம் அக்காவுக்கு எதுவும் தங்கவில்லை. அதே தண்ணீரில் தலை நனைத்த மற்ற பெண்களுக்கெல்லாம் கொழுகொழுவென்று பிள்ளைகள் பிறந்தன. ஒருத்திக்கு மட்டும் முடி கொட்டியது. அவளுக்கு அதற்கு முன்பும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

யாரும் அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அக்கா எதிரே வந்தால் வயலில் இறங்கிச் சேற்றில் நடந்து போவார். மரவள்ளிக் கீரையை என்னிடம் கொடுத்து அனுப்புவார், “யாரு குடுத்ததுன்னு சொல்லாதே” என்று. அவர் போடும் முடிச்சைப் பார்த்தாலே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காயைத் திரும்ப உள்ளே வீசும் பழக்கம் அப்போது தொடங்கியதுதான்.

*

ரஸ்ஸல் என்ற அமெரிக்கக் கிழவர் வந்தது போன வருஷம். இளைஞனாக அந்த விமானத்தளத்தில் பீப்பாய் உருட்டியவர். இப்போது சர்க்கரை நோயில் ஒரு பாதம் போய், மரக்காலோடு வேலிக்கு வெளியே நின்றார். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்று மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். இங்கே யாரிடம் பேசலாம் என்று கேட்டார். வேலியில் இருந்தது அத்தைதான்.

கிழவர் அந்தக் காலத்தில் தான் போட்டிருந்த பூட்ஸைப் பற்றி ஆரம்பித்தார். ஊர் திரும்பியபோது அந்தப் பூட்ஸையும் கொண்டுபோயிருக்கிறார். மனைவிதான் துடைத்து வைத்தாளாம். அடுத்துப் பிறந்த மகளுக்கு முதுகெலும்பு வளைந்திருந்ததாம். அதனாலா என்று அத்தையிடம் கேட்கச் சொன்னார்.

நான் சொன்னதும் அத்தை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்கிட்டயா கேக்குறாரு? மருந்து செஞ்சது அவங்க ஊருலதானே? அங்கயே தெரியாதாமா?”

கேட்டேன். அங்கே சிலவற்றுக்கு ஆம் என்கிறார்கள், சிலவற்றுக்கு இருக்கலாம் என்கிறார்களாம். மகள் விஷயத்தில் ‘இருக்கலாம்’ என்றுகூட இன்னும் சொல்லவில்லையாம்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமும்வரை சிரித்தார். அது கேலிச் சிரிப்பு இல்லை என்று கிழவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரும் சிரிக்க ஆரம்பித்திருந்தார். அனோங் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

“பொண்ணு நடக்குறாளா?” என்று கேட்டார் அத்தை.

“நடக்கிறாளாம்.”

“அப்ப பரவால்ல” என்று சொல்லி, அவித்த மரவள்ளிக்கிழங்கை உரித்து அவர் கையில் வைத்தார். சர்க்கரை நோயாளி சாப்பிடக் கூடாது. அவர் சாப்பிட்டார். வண்டி போன பிறகும் அத்தை புழுதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாரே, பதில் கொண்டு வருவாருன்னு நெனச்சேன். நம்மகிட்ட இருக்குறதையே தூக்கிட்டு வந்திருக்காரு.”

அன்று சாயங்காலம் எனக்குள் ஏதோ உந்தியது. வெளிக் கிளையிலிருந்து கொஞ்சம் காய் பறித்து, ஹுவேயில் என் பழைய பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் யாரையோ பிடித்துச் சோதிக்க ஏற்பாடு செய்தார். வெகுநாள் கழித்துத் தொலைபேசியில் முடிவைச் சொன்னார். நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

“அளக்கக்கூடிய அளவுக்குக் கீழ இருக்காம், அத்தை.”

“கீழன்னா? இருக்குங்கிறியா?”

“இருக்குன்னு சொல்லல.”

“அப்ப இல்லையா?”

“இல்லன்னும் சொல்ல முடியாது. அவங்க கருவிக்குத் தெரியல.”

அத்தை கையிலிருந்த காயைப் பார்த்தார். “கருவிக்கும் தெரியலையா?” என்றார் கொஞ்சம் இரக்கத்தோடு. பிறகு அந்தக் காயை உள்ளே வீசினார்.

இது இப்போதைய காய். அன்றைய காயில் என்ன இருந்தது என்று எந்தக் கருவியாலும் இனிச் சொல்ல முடியாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

*

இந்த வருஷம் மழை தொடங்கியபோது அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் வேலிக்கு ஓடினேன்.

“விரலு?”

“எல்லாம் இருக்கு அத்தை.”

“அழுவுதா?”

“உனக்கு இங்க கேக்கலையா?”

“பாலு குடிக்குதா? முதுகைத் தடவிப் பாத்தீங்களா? நேரா இருக்கா?”

“நேரா இருக்கு. எல்லாம் நல்லாருக்கு.”

அத்தையின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது. கழியை ஊன்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரியவில்லை.

“இந்தத் தடவை என் காய் அவ தலையில படல” என்றார். “பிள்ளை நல்லாருக்கு. அப்ப அந்தத் தடவை?”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் அதனால் இது என்று ஆகாது, அத்தனை பெண்கள் தலை நனைத்தார்களே, நமக்கு முன்னும் பின்னும் எத்தனை பிள்ளைகள், ஆறு இருக்கிறது, மீன் இருக்கிறது, நம் அப்பா அம்மா ரத்தம் இருக்கிறது… எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. எல்லாமே சரிதான். எதுவும் அவருக்கு உதவாது. இதில் ஒன்றையாவது சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அனோங்கும் உட்கார்ந்தாள்.

பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் தலைக்கு ஊற்றக் கூடாது. மாதம் முடிந்ததும் காய் போட்டு அலச வேண்டும். பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த அக்காவின் மாமியார் லுவா சமவெளிக்காரி. இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். “காய் போடாம அலசினா முடி கொட்டும், தலையில குளிர் ஏறும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க” என்று பேருந்து நிறுத்தத்துச் சந்தையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டாள். சமவெளிக் காய்தான் என்று விற்றவள் சத்தியம் செய்தாளாம்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “கான் தோம் அத்தை வந்து அலசட்டும். இல்லன்னா நான் இப்படியே நாறிட்டுக் கிடக்கேன்.”

சொல்லப் போனவள் நான்தான். அத்தை பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார். “ஏ காலேஜு, நீ சொல்லு. நான் வரலாமா?”

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. “அவ கூப்பிடுறா, அத்தை” என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். வாசலுக்கு வெளியே காலைக் கழுவினார். உள்ளே வரப்போய், திரும்பப் போய் மறுபடி கழுவினார். அனோங் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவரோடு போகவும் வரவுமாக இருந்தாள்.

லுவா காய்க் கட்டை நீட்டினாள். அத்தை ஒன்றை உருவி மோந்தார். “இது எங்க வேலிக் காய் மாதிரியே இருக்கே.”

“எல்லாக் காயும் கறுப்பாத்தாம்மா இருக்கும்! உங்க வேலியில மட்டும் வெள்ளையாவா காய்க்குது?”

“எந்த ஊருன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். அவ சொன்னா. வேற என்ன செய்யச் சொல்ற, காயையே கேக்கவா?”

அத்தை காயைச் சுட்டார். உடைத்தார். கொதிக்கவைத்து வடிகட்டினார். எங்கள் வீடு முழுக்க அந்த மணம். அக்கா மூங்கில் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். முடி கீழே அகலமான அலுமினியச் சட்டியில் சுருண்டு கிடந்தது. முதல் அகப்பைத் தண்ணீரை அத்தை தன் முழங்கையில் ஊற்றிக்கொண்டார். சூடு பார்க்கிறார் என்று நினைத்தேன். சூடு பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர் வழிந்து காய்ந்த பிறகும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தை, கை பேசுதா?” என்றாள் அக்கா.

“நியென்… நீ அன்னிக்கு…”

“அன்னிக்குத்தான் என் முடி நல்லா இருந்துச்சு. கல்யாணத்துல எல்லாரும் கேட்டாங்க.”

“என் கையால…”

அக்கா மல்லாந்தபடியே கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தாள். “அத்தை, விமானத்த நீயா ஓட்டுனே?”

லுவாவுக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. “இல்ல” என்றார், உண்மையாகவே யாரோ விசாரிப்பது போல.

“அப்ப ஊத்து. கழுத்து வலிக்குது.”

ஊற்றினார். அதன்பிறகு கை தானாக வேலை செய்தது. நெற்றியிலிருந்து பிடரிக்கு, பிடரியிலிருந்து நுனிக்கு. கண்ணுக்குள் வழியாமல் இடது கையால் அணை. நுரை வெள்ளையாகப் பொங்கியது. அக்கா தூங்கிப்போனாள். லுவா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். “ஒரு நிமிஷம் வெச்சிரு, துணி எடுத்துட்டு வரேன்.”

அத்தை இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். “ஈரம்” என்றார்.

குழந்தை என்னிடம் வந்தது. அனோங் குனிந்து அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான் குழந்தையின் முதுகை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. எப்போது இதை நிறுத்துவோம் என்று தெரியவில்லை. இவள் நடக்கும்போதா, பேசும்போதா, இவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்போதா?

முடியைத் துவட்டி முடிந்ததும் அத்தை சட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அலசிய தண்ணீர் விளிம்புவரை நின்றது.

“வாழை அடியில ஊத்திடு” என்றாள் லுவா.

அத்தை கொல்லைக்குப் போனார். வாழை குலை தள்ளியிருந்தது. அதன் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு அதைத் தாண்டி நடந்தார். கீரைப் பாத்தியைத் தாண்டினார், பன்றிக் கொட்டிலைத் தாண்டினார், ஓடைப் பாலத்தைத் தாண்டினார். குழந்தையை லுவாவிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

“குடு அத்தை, நான் கொஞ்சம் தூக்கறேன்.”

“நீ தள்ளி வா. தெறிக்கும்.”

வழியில் மாட்டுக்காரர்கள் எதிரே வந்தார்கள். ஏதோ கேட்க வாயெடுத்தவர்கள் அவருடைய நடையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு சொட்டும் பாதையில் சிந்தவில்லை. அனோங் அன்று கோட்டைப் பிடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே நாலடி தள்ளி, அம்மாவைப் போலவே காலைப் பார்த்து வைத்து நடந்து வந்தாள்.

வேலிக்கு வந்ததும் சட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தினார். முள் கிளைகளுக்கு மேலாகச் சாய்த்து, நுரையோடு முழுவதையும் உள்ளே ஊற்றினார். அந்தப் பக்கம் புல்லில் தண்ணீர் விழும் சத்தம் நின்ற பிறகும் சட்டியை இறக்கவில்லை. கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு, விளிம்பில் தொங்கிய கடைசிச் சொட்டு விழுவதற்காகக் காத்து நின்றார்.